கணக்கறிந்த வாணிகர்

நம் நாட்டில் அரசியல் இயக்கம் எப்பொழுது தோன்றியது என்று வகுப்பில் வினவினால், 1885-ஆம் ஆண்டில் காங்கிரஸ் மகாசபை பிறந்ததையே பலரும் விடையாகக் கூறுவர். அதற்கு முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் ஓர் அரசியற் சங்கம் கண்டவர் ஒரு வாணிகர். காஜுலு லட்சுமிநரசு செட்டியார் என்பது அவர் பெயர்.

அவர் 1806-இல் சென்னையில் பிறந்தார். தந்தையார் அவுரி வாணிகர். அவுரிச் செடியிலிருந்து எடுக்கப்பெறும் நீலச் சாயத்திற்கு அந்நாளில் சீமையில் நல்ல விலை உண்டு. மகனாரும் அத்தொழிலிலேயே இறங்கிப் பெரும்பொருள் ஈட்டினார். ஈட்டியதைப் பெட்டியில் பூட்டி வைத்தாரில்லை. 1844-இல் 'கிரசண்ட்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார்; 1852-இல் சென்னைவாசிகள் சங்கத்தை நிறுவினார்.

இதற்கு நேர்ந்த தேவை யாது? அக்காலத்துக் குடியானவரின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நான் வாழும் திருவிடந்தையை உள்ளிட்ட செங்கற்பட்டுச் சீமை, 1763-இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கும்பெனியார் ஜாகீராகப் பெற்ற நிலப்பகுதியாகும். இங்கும், மாகாணத்தின் பிற பகுதிகளிலும், மழை பொய்த்தாலும் வரி பொய்க்கலாகாது. வரி செலுத்த இயலாதவரின் விரல்களைக் கிட்டி என்னும் மரக்கருவியில் இட்டு நெரிப்பர். கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்தபடியே வெயிலில் நிறுத்துவர். அதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். கிட்டியைப் பூட்டிய கை வெள்ளையர் கையன்று, கும்பெனியாரிடம் ஊதியம் பெற்ற நம்மவர் கையே என்பதையும் மறைத்தல் தகாது.

செட்டியார் வாணிகர் அல்லரா? சரக்கைக் கண்ணால் கண்டாலன்றி எவரும் விலை பேசார் என்பதை அவர் அறிவார். ஆதலின் வெறும் விண்ணப்பத்தோடு நின்றுவிடவில்லை. பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் 1853-இல் சென்னைக்கு வந்தபொழுது, அவரை ஊரூராக அழைத்துச் சென்று, துன்புற்ற குடிமக்களின் முறையீட்டை நேரிற் கேட்கச் செய்தார். 1854-இல் சீமோர் பாராளுமன்றத்தில் இதனை எடுத்துரைத்தார். அப்படி ஏதும் நிகழ்வதில்லை என்று மறுத்தவர்களும் அங்கு இருந்தனர். எனினும் விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பெற்றது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட குடிமக்கள் முறையிட்டனர். வரி தண்டுவதில் சித்திரவதை வழங்கிவந்தது உண்மையே என்று 1855-இல் அக்குழு அறிக்கை தந்தது. கும்பெனியாரின் மேலதிகாரிகள் மீது குற்றமில்லை என்றும் அது கூறிற்று. ஆயினும், இல்லை என்று சொல்லப்பட்ட கொடுமை, அரசாங்கத்தின் ஏட்டிலேயே இடம்பெற்றுவிட்டது.

பிற்காலத்தில், 1863-இல், செட்டியார் சென்னைச் சட்டசபையின் உறுப்பினரானார். தம் செல்வத்தைப் பொதுப்பணிக்கே செலவிட்டு, 1868-இல் வறியவராக மறைந்தார்.

வாணிகத்திலிருந்து அரசியலுக்கு வருவோர் எக்காலத்தும் உளர், வருவதிற் குற்றமில்லை. வந்தவர் கொடுத்தது என்ன, கொண்டது என்ன என்று கணக்குப் பார்க்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. மாணவர்களே, நாளை வாக்களிக்கும் வயது வரும்பொழுது அக்கணக்கைத் தவறாது பாருங்கள்.