மாறும் காலமும் நம் பொறுப்பும்

(குரோம்பேட்டையில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில், மிஷன் மருத்துவமனை ஒன்றில் நிர்வாக அலுவலராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை. அவர் கேட்டுக்கொண்டபடி பெயர் வெளியிடப்படவில்லை.)



மாற்றத்தைச் சந்திக்கும் ஸ்தாபனங்களை நடத்துவது எப்படி என்று ஒரு பெரிய தலைப்பைக் கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் மேலாண்மை படித்தவன் அல்ல. கணக்குப் பிரிவில் சேர்ந்து, படிப்படியாக நிர்வாகப் பொறுப்புக்கு வந்தவன். ஆகையால் புத்தகத்தை விட்டுவிட்டு, இங்கிருந்து அடுத்த ரயில் நிலையத்தில் என் பேச்சைத் தொடங்குகிறேன்.

குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. இன்று இந்த நிலையத்தில் இறங்குகிறவர்களில் தோல் பதனிடும் வேலைக்குப் போகிறவர் எத்தனை பேர்? அடுத்த நிலையம் தாம்பரம் சானடோரியம். அங்கே பெயரும் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. ஆனால் அந்த வேலை நூறு ஆண்டுகளுக்குள் குறைந்தது மூன்று முறை அடியோடு மாறியிருக்கிறது.

டாக்டர் சவரிமுத்து என்று நம்மவர்களும், சௌரி முத்து என்று ஆங்கிலேயரும் அழைத்த மருத்துவர் 1928-ல் அதைத் தொடங்கினார். அவர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோய் நிலையம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் 1917-ல் அங்கே சில காலம் சிகிச்சை பெற்றார். அந்த நாளில் காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, வெயில், சத்துள்ள உணவு, மாதக்கணக்கில் ஓய்வு, இவைதான் சிகிச்சை. அதற்கு ஊருக்கு வெளியே விசாலமான இடமும் நிறையக் கட்டில்களும் வேண்டும். 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. நிறுவியவர் கையிலிருந்து போனபோதும் நோயாளிக்குக் கதவு மூடவில்லை.

பிறகு மருந்துகள் வந்தன. 1944-ல் ஸ்ட்ரெப்டோமைசின், 1952-ல் ஐசோனியாசிட். 1956-ல் நம் சென்னையில், சேத்துப்பட்டில், ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து நடத்தியது. ஒரு பகுதி நோயாளிகளுக்குச் சானடோரியத்தில் வைத்து மருந்து. மறு பகுதிக்கு அவரவர் நெருக்கடியான வீட்டிலேயே மருந்து. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். வீட்டாருக்கு அதனால் நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை.

ஏழை நோயாளிக்கு இது எவ்வளவு பெரிய நற்செய்தி! ஆனால் கட்டிலையே நம்பியிருந்த ஸ்தாபனங்களுக்கு? சுவிட்சர்லாந்தின் தாவோஸ் நகரில் இருந்த காசநோய் இல்லங்கள் பல, ஓட்டல்களாக மாறிப் போயின.

தாம்பரம் அப்படி ஆகவில்லை. நெஞ்சக நோய்கள் அனைத்துக்குமான மருத்துவமனையாக அது விரிந்தது. 1986-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமி சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் ஆய்வில் கண்டறியப்பட்டது. அந்தக் கிருமி உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்போது முதலில் வந்து உட்காருவது பெரும்பாலும் காசநோய்தான். பல இடங்களில் அந்த நோயாளிகளைத் தொடவும் அஞ்சிய காலத்தில், 1993-ல் தாம்பரம் அவர்களை உள்நோயாளிகளாகச் சேர்க்கத் தொடங்கியது. 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி, கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் திட்டம் நாட்டின் எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கியபோது அதில் தாம்பரமும் ஒன்று. அதன்பின் வேலை மறுபடி மாறியது. மரணப் படுக்கைக்குப் பக்கத்தில் நிற்பது குறைந்தது. ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டியவரை மாதந்தோறும் வரவழைத்து, பேசி, தைரியம் சொல்லி அனுப்புவது பெரிய வேலையாயிற்று.

இதிலிருந்து முதல் பாடம். நம் ஸ்தாபனத்தில் எது காரியம், எது ஏற்பாடு என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நோயாளியைக் கைவிடாதிருப்பது காரியம். கட்டில் ஏற்பாடு. ஏற்பாட்டைக் காரியம் என்று எண்ணிவிட்டால், காலம் மாறும்போது இரண்டையும் இழப்போம்.

இரண்டாவது பாடத்தை என் சொந்தத் தவறிலிருந்து சொல்கிறேன். நான் இருந்த மருத்துவமனையில் 1990-களின் கடைசியில் காசநோய் வார்டை மூடத் தீர்மானித்தோம். சுகாதாரப் பணியாளர் கிராமத்துக்கே போய், தம் கண்முன் நோயாளியை மாத்திரை விழுங்கச் செய்யும் முறை வந்துவிட்டது. தீர்மானம் சரியான தீர்மானம்தான். நிறைவேற்றிய விதம் சரியில்லை. மருத்துவர்களோடு மூன்று முறை கூடிப் பேசினேன். வார்டு ஆயாமாரிடமும் சமையல்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆணை பலகையில் ஒட்டப்படும் முன்பே, ஆஸ்பத்திரியை விற்கப் போகிறார்கள் என்று பேச்சு பரவிவிட்டது. அனுபவமுள்ள நர்சுகள் இருவர் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். உண்மையைச் சொல்லாமல் விட்ட இடத்தை வதந்தி நிரப்பும் என்பதை அன்று கற்றேன்.

அதோடு முடியவில்லை. ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். காலஞ்சென்ற கணவரின் நினைவாக ஒரு கட்டிலுக்குப் பணம் கொடுத்தவர். தலைமாட்டில் அவர் பெயர் பொறித்த தகடு இருக்கும். வார்டு பூட்டியிருந்தது. கட்டில் ஸ்டோரில் மற்றக் கட்டில்களோடு அடுக்கிக் கிடந்தது. "எங்க வீட்டுக்காரர் பேர் எங்கே ஐயா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஒருவரை விட்டுத் தகட்டைக் கழற்றச் செய்து கையில் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அடுத்த ஆண்டு அவரிடமிருந்து காணிக்கை வரவில்லை.

பல மாதம் கழித்து வெட்கத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். கட்டிலுக்கு ஆகும் செலவில் இப்போது ஒரு பெண் சைக்கிளில் கிராமங்களுக்குப் போகிறாள், மாத்திரை கொடுக்கிறாள் என்று விவரித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி: "அந்தப் பொண்ணு மத்தியானம் எங்கே சாப்பிடுது?"

சகோதரரே, எங்கள் திட்ட அறிக்கை நாற்பது பக்கம். அதில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. விசாரித்தால், அவள் பல நாள் பட்டினியாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தாள். அதற்கென்று ஒரு தொகை ஒதுக்கினோம். அந்த அம்மாவும் மறுபடி கொடுக்கத் தொடங்கினார். கட்டிலுக்கு அல்ல, அந்தச் சாப்பாட்டுக்கு. முன்பே கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். மாற்றத்தைச் செய்யுமுன் அதனால் பாதிக்கப்படுகிறவரிடம் பேசுவது வெறும் மரியாதை அல்ல. நம் கண்ணுக்குப் படாதது அவர்கள் கண்ணுக்குப் படும்.

மூன்றாவது பாடம் கணக்குக்காரனுடையது. வேலை மாறினால் எண்ணுகிற பொருளும் மாற வேண்டும். வார்டை மூடிய பிறகும் இரண்டு ஆண்டுகள் எங்கள் அறிக்கையில் எத்தனை கட்டில் நிரம்பியது என்றே எழுதினேன். எண் குறைந்தது, படித்தவர்கள் ஊழியம் தளர்ந்துவிட்டது என்று வருந்தினார்கள். உண்மையில் நாங்கள் எழுதியிருக்க வேண்டியது, சிகிச்சையைத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் ஆறு மாதமும் விடாமல் முடித்தார்கள் என்பது. பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோய் வரக்கூடும்; ஆகவே அந்த எண்தான் உயிர் காக்கும் எண்.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. 1955-ல் தொழுநோய்க்காகத் தொடங்கப்பட்ட கரிகிரி மருத்துவமனையைப் பாருங்கள். 1982-ல் கூட்டு மருந்துச் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்ட பின் தொழுநோயாளிகள் குறைந்தார்கள். கரிகிரி பொது மருத்துவத்துக்கும் கதவைத் திறந்தது, தொழுநோயாளியையும் கைவிடவில்லை.

முடிக்கிறேன். கொடுக்கிற உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. உங்கள் பெயர் பொறித்த கல்லும் தகடும் அங்கேயே இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டால், எங்களைப் போன்றவர்கள் கல்லையும் தகட்டையும் காத்துக்கொண்டிருப்போம். அடுத்த முறை நீங்கள் ஆதரிக்கும் மருத்துவமனைக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இப்போது யார் வருகிறார்கள்? யார் வர முடியாமல் இருக்கிறார்கள்? வேலை செய்கிறவர்கள் மத்தியானம் எங்கே சாப்பிடுகிறார்கள்? பதில் சொல்ல நிர்வாகி தடுமாறினால் கோபப்படாதீர்கள். நானும் அப்படித் தடுமாறியவன்தான். பதில் கிடைக்கும்வரை அவரோடு கூட இருங்கள்.