வேதமாகிவிட்ட இலக்கிய வரிகள்

ஆங்கில இலக்கிய வரலாற்றில் விந்தையொன்று உண்டு. கதையிலோ கவிதையிலோ ஓர் எழுத்தாளர் அமைத்த வரி, நாளடைவில் அவர் பெயரை உதிர்த்துவிட்டு, விவிலிய வசனம் என்ற மதிப்போடு மக்கள் நாவில் வழங்கத் தொடங்குவதே அந்த விந்தை.

பிரம்பை விலக்கினால் பிள்ளை கெடும் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர் இதற்குத் தலையாய சான்று. நீதிமொழிகள் நூலின் 13ஆம் அதிகாரம், 24ஆம் வசனத்தில் இதன் கரு உண்டு என்றாலும், இன்று வழங்கும் சொல்லமைப்பு சாமுவேல் பட்லர் இயற்றிய ‘ஹுடிப்ராஸ்’ என்னும் அங்கத காவியத்தின் இரண்டாம் பகுதியில், அதாவது 1664இல், இடம்பெற்றது. அங்கதம் என்பது பிறர் குறையை எள்ளி நகையாடும் இலக்கிய வகை. பட்லர் எள்ளியது, பக்தியை உரக்கப் பேசி நடத்தையில் சறுக்கிய தூய்மைவாதிகளை. கதைத்தலைவனாகிய ஹுடிப்ராஸ் தொழுமரத்தில் மாட்டப்பட்டுக் கிடக்கையில், அவன் மணக்க விரும்பும் செல்வக் கைம்பெண் அங்கு வந்து, காதலை மெய்ப்பிக்க வேண்டுமானால் கசையடி பட்டுக்கொள்ளுமாறு அவனைச் சீண்டுகிறாள். காதலைக் குழந்தை என்று புலவர்கள் பாடுவதால், அந்தக் குழந்தைக்கும் பிரம்பு தேவை என்பது அவள் வாதம். ஆகவே அவ்வரியில் வரும் பிள்ளை வீட்டுப் பிள்ளையே அன்று. ஒரு பெண்ணின் கேலிப்பேச்சு, தெய்வக் கட்டளை என்ற தோற்றத்தில் வகுப்பறைகளுக்குள் புகுந்து உண்மையான குழந்தைகளின் முதுகில் இறங்கியதை எண்ணும்போது, நூற்பெயரைத் தவறாகச் சொல்லுதல் வெறும் நினைவுப்பிழை என்று ஒதுக்கிவிட முடிவதில்லை.

முடி கத்தரிக்கப்பட்ட ஆட்டுக்குட்டிக்காக ஆண்டவர் காற்றின் கடுமையைத் தணிக்கிறார் என்னும் கருத்துடைய தொடரோ, 1768இல் வெளிவந்த லாரன்ஸ் ஸ்டெர்னின் பயணக் கதையில், மனம் கலங்கிய மரியா என்னும் பெண்ணின் வாய்மொழியாக வருகிறது. பழைய பிரெஞ்சுப் பழமொழியை ஒட்டி அமைந்த இதன் முந்தைய ஆங்கில வடிவத்தில் ஆடுதான் இருந்தது. அதைக் குட்டியாக்கியவர் ஸ்டெர்ன். குட்டிகளுக்கு மயிர் கத்தரிப்பது வழக்கமில்லை என்று எந்த இடையரும் அவரிடம் சொல்லியிருப்பார். எனினும் குட்டி என்றதும் இரக்கம் பெருகியதால் திருத்தமே நிலைத்தது. ஸ்டெர்ன் ஒரு திருச்சபைக் குருவும் ஆவார். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தைத் தேவாலயங்களில் கேட்டே வளர்ந்த அக்காலத்து எழுத்தாளர்களின் செவியில் அதன் ஓசையும், இரு பகுதிகளாகச் சமன்கொண்டு நடக்கும் அதன் வாக்கிய அமைப்பும் ஊறிப்போயிருந்தமையால், அவர்கள் எழுதியவை வேதம்போல ஒலித்ததில் வியப்பில்லை. இறைவனின் வழிகள் மறைபொருளானவை என்ற வில்லியம் கௌப்பரின் பாட்டோ 1779இல் வெளியான ஓல்னிப் பாடல் தொகுப்பின் வழியே ஆலயத்திற்குள்ளேயே பாடப்பட்டது.

தன்முயற்சி உடையோர்க்கே தெய்வம் துணைபுரியும் என்ற கூற்றின் வரலாறு வேறு. ஈசாப்பின் வண்டிக்காரன் கதையில் வேர்கொண்டு, அல்ஜெர்னான் சிட்னியின் 1698ஆம் ஆண்டு அரசியல் நூலிலும், 1736இல் பெஞ்சமின் பிராங்க்ளினின் பஞ்சாங்கத்திலும் இடம்பெற்ற இக்கூற்று, மனிதர் பெலனற்று இருக்கையிலேயே அருள் வந்தது என்று கூறும் ரோமர் நிருபத்தின் போதனைக்கு ஏறக்குறைய எதிரானது. எனினும் அது வேதவாக்காகவே பலரால் நம்பப்படுகிறது. தமிழ்நாட்டு நாட்காட்டிகளில் கண்ணன் படத்துடன் அச்சாகும் ‘கீதாசாரம்’ என்ற உரைப்பகுதியும் கீதையின் 700 சுலோகங்களில் எதன் மொழிபெயர்ப்பும் அன்று என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இத்தகைய ஐயங்களைத் தீர்க்கும் கருவி நெடுங்காலமாகவே உண்டு. ஒரு நூலின் சொற்களை அகரவரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் வரும் இடத்தைக் காட்டும் தொகுப்புச் சொல்லடைவு எனப்படும். அலெக்சாண்டர் குரூடன் விவிலியத்திற்கு அமைத்த சொல்லடைவு 1737இலேயே வெளிவந்துவிட்டது. பட்டம் பெற்றுச் செல்லும் இளைஞர் ஆசிரியராகவோ வழக்கறிஞராகவோ பணியாற்றுகையில், மறுக்க முடியாத சான்றாக யாரேனும் வேதத்தை எடுத்து நீட்டினால், முதலில் அதன் இடத்தைக் கேட்பதும், அடுத்து அதை யார், யாரிடம், எந்த மனநிலையில் சொன்னார் என்று பார்ப்பதும் அவர் கற்ற கல்வியின் இயல்பான செயல்களே. பட்லரைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வியே கூடுதல் பயன் தரும்.

ஆயினும் இந்த ஆராய்ச்சி எதிர்த்திசையிலும் ஓடுகிறது. அத்தேனே நகரில் பேசிய திருத்தூதர் பவுல், தம் பிறப்பிடமான கிலிக்கியா நாட்டைச் சேர்ந்த அராட்டஸ் என்னும் கிரேக்கப் புலவரின் சொற்களை எடுத்தாண்டதை அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது. அங்கே அவர் புலவர்களின் கூற்று என்று சொல்லியே எடுத்தாள்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்திலோ, தீய நட்பு நல்லொழுக்கத்தைக் கெடுக்கும் என்னும் வரி ஆசிரியர் பெயரின்றி வருகிறது. அறிஞர்கள் அதை நகைச்சுவை நாடகாசிரியர் மெனாண்டரோடு தொடர்புபடுத்துவர். அதை வேதவசனம் என்று சொல்பவரைத் திருத்த எழும் பட்டதாரி, இம்முறை பேசாமல் உட்கார்ந்துவிட வேண்டியிருக்கும்.