தென்வானில் ஒரு மாறும் விண்மீன்



தை மாதத் தொடக்கத்தில், இரவு ஒன்பது மணி அளவில் சாமுண்டி மலைமீது நின்று தெற்கே நஞ்சன்கூட்டுத் திசையை நோக்குவோமானால், சற்றுக் கிழக்கே ஒள்ளியதொரு விண்மீன் தோன்றும். அகத்தியன் என்று நம் முன்னோர் அழைத்தது அதனையே. அதற்கு வலப்புறம் தாழ, அடிவானத்திலிருந்து 15 பாகைக்கும் குறைந்த உயரத்தில், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு மீன் உண்டு. அதன் பெயர் 'ஆர் ரெட்டிக்குலை'. பெயர் நம் நாவுக்குப் புதிது. கண்டு சொன்னவரோ நமக்கு அந்நியர் அல்லர்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாராய்ச்சிக் கூடத்தில் முதல் உதவியாளராக விளங்கியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர். எனினும் ஏட்டுக் கணக்கை, வானில் நேரிற் காண்பதைக் கொண்டு திருத்தவேண்டும் என்று வாதித்தவர். அந்தக் கண்ணுக்குத்தான் 1867 ஜனவரியில் இம்மீனின் ஒளி நிலையற்றது என்பது பிடிபட்டது. ஒரு மண்டலத்தில், முன்பே பெயர் பெறாத மீன்களுள் முதலில் அறியப்படும் மாறும் மீனுக்கு 'ஆர்' என்ற எழுத்தைச் சூட்டுவது வானநூலார் வழக்கம்.

இது ஒரு செம்பூத மீன். முதுமையால் மிகப் பெரிதாகப் பருத்து, மேற்பரப்பு நமது சூரியனைக் காட்டிலும் குளிர்ந்து சிவந்தது. ஏறத்தாழ 280 நாட்களுக்கு ஒருமுறை புடைத்துச் சுருங்குகிறது. மிகுந்து ஒளிரும்போது 6.5 என்னும் தரத்தை எட்டும்; அப்போது பைனாகுலர் போதும். மங்கும்போது 14-ஆம் தரத்துக்கும் இறங்கிவிடும், அதாவது ஆயிரம் மடங்கு மங்கல்! மீன் அவிந்து போவதில்லை. புறப்பகுதி குளிர்கையில் டைட்டானியம் ஆக்சைடு போன்ற மூலக்கூறுகள் பெருகி, கண்ணுக்குப் புலனாகும் ஒளியைத் திரைபோல் மறைக்கின்றன. இந்தத் தரக் கணக்கை 1856-இல் வரையறுத்த போக்சன் என்பவரே பின்னர் 1861 முதல் சென்னைக் கூடத்தின் தலைவராக இருந்தார் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் நமது சூரியனும் இவ்வாறே செம்பூதமாகும் என்பர்.

தில்லியில் வாழும் நம்மவர் அகத்தியனைக் காண்பர், இம்மீனைக் காணார். அங்கே அது அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. மும்பையில் எட்டுப் பாகை உயர்ந்து மறையும். மைசூருவிலோ, சென்னையில் தெரிவதைக் காட்டிலும் முக்கால் பாகை உயரமாகவே தெரிகிறது. குடிபெயர்ந்ததில் நமக்கு இப்படியும் ஓர் ஆதாயம். நகர விளக்குகள்தாம் இடையூறு.

ஆச்சாரியார் 1872-இல் இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினரானார், 1880-இல் மறைந்தார். தமிழருள் அவர் பெயரை அறிந்தோர் சிலரே. 1874 டிசம்பர் 9-ஆம் நாள் வெள்ளி சூரியனைக் கடந்த நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்க அவர் எழுதிய நூல் கன்னடத்திலும் வெளியாயிற்று. கன்னட நண்பர்களிடம் அவரைப் பற்றிப் பேசப் புகுவோர் அந்நூலிலிருந்தே தொடங்கலாம்.