ரோந்துக் கப்பலுக்கு எத்தனை பெரிய பீரங்கி?



  ஆழ்கடல் ரோந்துக் கப்பல் என்றதும் பலரும் முதலில் கேட்பது, “அதில் என்ன பீரங்கி?” என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

டிரினிடாட் அண்ட் டொபேகோ அரசு 90 மீட்டர் நீள ரோந்துக் கப்பல்கள் மூன்றை பிரிட்டனில் கட்டக் கொடுத்தது. வேலை பெரிதும் முடிந்த பிறகு, 2010இல் வேண்டாம் என்றுவிட்டது. பிரேசில் அவற்றை 2012இல் வாங்கிக்கொண்டது. அமேசோனாஸ் வகை என்று பெயர். ஆயுதம் ஒரு 30 மி.மீ. பீரங்கி, இரண்டு 25 மி.மீ. பீரங்கிகள். அதே வரைபடத்தை உரிமம் பெற்றுக் கட்டிய தாய்லாந்து, கிராபி என்ற கப்பலின் அணியத்தில் 76 மி.மீ. பீரங்கியை வைத்தது. அடுத்த கப்பலான பிரச்சுவாப் கிரி கானில் ஹார்பூன் ஏவுகணையையும் ஏற்றியது. பிரிட்டன் தனக்கென்று கட்டிக்கொண்ட ஃபோர்த், மெட்வே, ட்ரென்ட், டாமர், ஸ்பே ஐந்திலும் 30 மி.மீ.யோடு நிறுத்திக்கொண்டது. வடிவம் ஒன்றே, கடற்படைகள் மூன்றும் மூன்று முடிவுக்கு வந்தன.

மேல்தளத்தில் தெரியும் குழல் மட்டுமல்ல 76 மி.மீ. பீரங்கி. நிமிடத்துக்கு 120 குண்டுகள் சுடும் அதன் நவீன வகை மட்டுமே ஏழெட்டு டன் எடை. அதற்குக் கீழே குண்டுகளை மேலேற்றும் சுழல் அடுக்கு, தீப்பிடித்தால் நீர் பாய்ச்சும் ஏற்பாட்டோடு வெடிபொருள் அறை, மேலே குறிபார்க்கும் ரேடார், இவற்றைப் பழுது பார்க்கத் தனிப் பயிற்சி பெற்ற ஆட்கள். இந்தச் சுமையில் பெரும்பகுதி, அலையில் அதிகம் ஏறி இறங்கும் அணியத்தில் உட்காருகிறது. தாய்லாந்தின் கணக்கு எனக்குப் புரிகிறது. பெரிய போர்க்கப்பல்கள் குறைவாக உள்ள கடற்படை, மிதப்பதெல்லாம் சண்டையிட வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ரோந்துக் கப்பலில் பெரும்பாலும் நீர்மூழ்கியைக் கண்டறியும் சோனார் இருக்காது. வரும் ஏவுகணையைத் தடுக்கும் வலுவான காப்பும் இருக்காது. ஹார்பூன் ஏற்றிய கப்பலை எதிரி ஃபிரிகேட் என்ற போர்க்கப்பலாக எண்ணித்தான் தாக்குவான். அடியை வாங்குவதோ ரோந்துக் கப்பலின் உடல்.

போர் இல்லாத நாளில் அந்தப் பீரங்கியால் என்ன செய்ய முடியும் என்பதையும் சட்டம் வரையறுத்திருக்கிறது. 1997 அக்டோபரில், கினி நாட்டுக் கடலோரத்தில் மீன்பிடி படகுகளுக்கு டீசல் கொடுத்துவந்த சைகா என்ற எண்ணெய்க் கப்பலை அந்நாட்டுச் சுங்கத்துறைப் படகுகள் பிடித்தன. சைகா பாரம் ஏற்றித் தாழ்ந்து மிதந்த கப்பல். அதிகபட்ச வேகமே சுமார் 10 நாட். எட்டிப் பிடித்து ஏறிவிடலாம். ஆனாலும் சுட்டார்கள், கப்பலில் இருந்த இருவர் படுகாயமடைந்தார்கள். 1999இல் சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம், கினி அளவுமீறிப் பலத்தைப் பயன்படுத்தியது என்று தீர்ப்பளித்தது. முதலில் ஒலியாலோ கண்ணுக்குத் தெரியும் சைகையாலோ நிற்கச் சொல்ல வேண்டும். பிறகு அணியத்துக்குக் குறுக்கே எச்சரிக்கைச் சுடுதல். அதற்கும் நிற்காதபோதுதான், உயிருக்கு ஆபத்து நேராத வகையில், பலப்பிரயோகம். கடற்காவலின் நெறி இது. இந்த வேலைக்கு வேண்டியது துல்லியமும் நிதானமும். கேமராவோடு இணைந்து, ஆட்டத்தைச் சரிசெய்துகொள்ளும் 30 மி.மீ. பீரங்கி அதைச் செய்துவிடும்.

அப்படியானால் பணத்தை எதில் போடுவது? கப்பலின் உடலில் என்பேன். வேகத்தில் அல்ல. வேகம் கூடினால் எஞ்சின் சக்தி ஏறக்குறைய அதன் மும்மடியில் கூடும். 20 நாட் ஓடும் கப்பலை 25 நாட் ஓட்ட, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சக்தி வேண்டும். நெதர்லாந்தின் ஹாலந்து வகைக் கப்பல்கள் 108 மீட்டர் நீளம், 3,750 டன், வேகம் 21.5 நாட்தான். துரத்துவது அவற்றின் வேலையல்ல. ஹெலிகாப்டரும் விரைவுப் படகுகளும் துரத்துகின்றன.

படகை இறக்கும் அந்தச் சில நொடிகளைக் கற்பனை செய்து பாருங்கள். படகைத் தூக்கி இறக்கும் பக்கவாட்டுக் கையான டேவிட்டிலிருந்து படகு கம்பியில் தொங்குகிறது. கப்பல் சாயும்போது உடலில் மோதுகிறது. அலை முகட்டில் படகு தொட்ட கணத்தில் கொக்கியைக் கழற்றியாக வேண்டும், தாமதித்தால் அலை கீழே போய்விடும், படகு மறுபடி தொங்கும். ஹாலந்து வகையில் பின்புறச் சறுக்குத்தளமும் வைத்தார்கள். ஒரு படகு அதன் வழியே நீரில் வழுக்கி இறங்கும், திரும்பி வரும்போது தானே ஏறிக்கொள்ளும். அயர்லாந்து, 79 மீட்டர் ரோஷீன் வகைக்குப் பின் சாமுவேல் பெக்கெட் வகையை 90 மீட்டராக நீட்டிக்கொண்டது. நீண்ட உடல் முன்னும் பின்னும் ஆடுவது குறைவு. வட அட்லாண்டிக்கில் வாந்தியெடுத்துக் கிடக்கும் மாலுமியால் சோதனையிட இறங்க முடியாதே. அதே கப்பலில் அவர்கள் 76 மி.மீ. வைத்திருக்கிறார்கள். அது அவர்களின் முடிவு. அந்த நீளத்துக்காகத்தான் நான் அவர்களைப் பாராட்டுகிறேன்.

நம் பக்கத்திலேயே பாருங்கள். காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கட்டிய விக்ரம் வகை ஏழு கப்பல்களும் கடலோரக் காவல் படைக்கு. 98 மீட்டர் நீளம், ஒரு 30 மி.மீ. பீரங்கி, இரண்டு 12.7 மி.மீ. துப்பாக்கிகள். கோவாவில் கடற்படைக்காகக் கட்டப்பட்ட சரயு வகை 105 மீட்டர். அதில் 76 மி.மீ. சட்டத்தை நிலைநாட்டும் படைக்கும் போருக்குப் போகும் படைக்கும் இடையே இந்த வேறுபாடு சரியானதே. கடற்படை தன் ரோந்துக் கப்பலையும் ஒருநாள் போர்க்குழுவோடு அனுப்ப வேண்டியிருக்கலாம்.

பிரிட்டனின் டாமரும் ஸ்பேயும் 2021 செப்டம்பரில் இந்திய-பசிபிக் கடலுக்குப் புறப்பட்டன. மாலுமிகள் முறைவைத்து மாறுகிறார்கள். கப்பல் அங்கேயே நிற்கிறது. 2022 ஜனவரியில் டோங்காவில் எரிமலை வெடித்தபோது, டஹீட்டியிலிருந்து குடிநீரும் மருத்துவப் பொருள்களும் ஏற்றிச் சென்றது ஸ்பே. இந்தக் கப்பல்களின் பீரங்கி சிறியது என்று பிரிட்டனில் இன்னும் குறை சொல்கிறார்கள். எனக்குத் தெரியும் குறை வேறு. மெர்லின் ஹெலிகாப்டர் இறங்கும் அளவுக்குத் தளம் இருக்கிறது. அதை உள்ளே நிறுத்த ஹேங்கர் இல்லை. உப்புக் காற்றில் ஹெலிகாப்டரை வாரக்கணக்கில் வெளியே கட்டிவைக்க முடியாது. வரைபட நிலையிலேயே உடலை இன்னும் சில மீட்டர் நீட்டி, ஒரு சிறு ஹெலிகாப்டருக்காவது ஹேங்கர் கட்டியிருக்க வேண்டும்.