வாடகைக்கு இருந்தாலும் இது உங்க வார்டுதான்

தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கம் வாடகைக்கு இருக்கீங்களா? இந்த எபிசோட் உங்களுக்குத்தான்.

பல அபார்ட்மென்ட் அசோசியேஷன்கள்ல ஓனருக்கு மட்டும்தான் பேச்சுரிமை. அதைப் பார்த்துப் பழகி, "வாடகைக்குத்தானே இருக்கோம், ஊர் விஷயம் நமக்கெதுக்கு?"ன்னு ஒதுங்கிடறோம். சட்டம் அப்படிச் சொல்லலை.

பிரிட்டிஷ் காலத்துல சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் ஓட்டு கொடுத்தாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் அந்தக் கணக்கு போயிடுச்சு. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், நீங்க வழக்கமா எங்க குடியிருக்கீங்கன்னுதான் பார்க்குது. சொந்த வீடு இருக்குங்கற காரணத்துக்காக மட்டும் ஒருத்தர் அந்தத் தொகுதியில குடியிருக்கறதா ஆகாதுன்னு அதோட 20-வது பிரிவு சொல்லுது. அதாவது, ஓனர் பெங்களூர்ல குடியிருந்தா, அவர் வீட்ல வாடகைக்கு இருக்கற உங்களுக்குத்தான் இங்க ஓட்டு.

5 நகராட்சி, 5 பேரூராட்சி சேர்ந்து 2021 நவம்பர்ல தாம்பரம் மாநகராட்சி ஆச்சு. மொத்தம் 70 வார்டு. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்னிக்கு பம்மல்ல நடந்த பகுதி சபைக் கூட்டத்துல முதல்வர் ஸ்டாலின் கலந்துக்கிட்டார். கிராமத்துக்கு கிராம சபை மாதிரி, நகரத்துக்கு இந்தப் பகுதி சபை. அந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லாருமே இதுல உறுப்பினர். வீட்டுப் பத்திரம் யார் பேர்ல இருக்குங்கறது இங்க விஷயமே இல்லை.

ஆனா வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கணுமே! நம்மள்ல நிறைய பேருக்கு அது திருநெல்வேலியிலயோ தஞ்சாவூர்லயோ இருக்கு. தேர்தல் வந்தா கிளாம்பாக்கத்துல பஸ் ஏறறோம். ஊர் ஓட்டை மாத்த மனசு வராது, புரியுது. ரெண்டு இடத்துலயும் வெச்சுக்கவும் முடியாது. ஆனா மழைக்கு தண்ணி நிக்கறது இங்க, நம்ம தெருவுல. நம்ம ஓட்டே தேவைப்படாத கவுன்சிலருக்கு அந்தத் தெரு எப்படி ஞாபகம் வரும்?

வீடு மாறியிருந்தா படிவம் 8, புதுசா பேர் சேர்க்க படிவம் 6. ரெண்டையும் ஆன்லைன்லயே போடலாம். அப்புறம் பகுதி சபைக்குப் போங்க. "ஏரியா சரியில்லை"ன்னு பொதுவா சொல்லாதீங்க. எந்தத் தெரு, எந்த வடிகால், எப்போ முடியும்னு கேளுங்க. பதிலை எழுதிக்கோங்க. அடுத்த கூட்டத்துல அதையே எடுத்து வெச்சு மறுபடி கேளுங்க. ஓட்டுப் போட்ட அன்னிக்கே நம்ம வேலை முடிஞ்சிடறதில்லை.

அடுத்த எபிசோடுக்குள்ள ஒரு சின்ன வேலை: உங்க வார்டு நம்பர் என்ன, கவுன்சிலர் யாருன்னு கண்டுபிடிச்சு வைங்க. மறுபடி பேசலாம்.