ஒரு டோரியன், பல நிறங்கள்

போன மாசம் தஞ்சாவூர்ல ஒரு நண்பன் வீட்டு மொட்டை மாடியில கிட்டார் வாசிச்சேன். மைல்ஸ் டேவிஸின் 1959 ஆல்பம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் வரும் 'சோ வாட்'. ரெண்டே நிமிஷத்துல எல்லாரும் போனை எடுத்துட்டாங்க. தப்பு என்னோடதுதான். டி டோரியனின் ஏழு ஸ்வரத்தையும் மேலயும் கீழயும் ஓட்டிக்கிட்டே இருந்தேன்.

பதில் பக்கத்துலயே, திருவையாறுல இருந்துச்சு. டோரியனின் ஸ்வரங்கள்தான் 22-வது மேளகர்த்தாவான கரகரப்பிரியா. தியாகராஜரோட 'சக்கனி ராஜ' அந்த ராகம்தான். அதுல காந்தாரம், தைவதத்தை விட்டா மத்யமாவதியின் ஸ்வரங்கள். பஞ்சமம், நிஷாதத்தை விட்டா ஆபோகி. எதையும் சேர்க்கல, விட்டதாலேயே நிறம் மாறுது.

'சோ வாட்' ஒரு சுற்று 32 பார். முதல் 8-ல டி, இ, ஜி, ஏ, சி மட்டும் வாசிங்க. அடுத்த 8-ல டி, இ, எஃப், ஜி, பி. பாட்டு இ பிளாட்டுக்கு மாறும் 8 பார்ல குறைவா வாசிச்சு, நீளமா நில்லுங்க. கடைசி 8-லதான் ஏழும். அப்பவும் எஃப்-ஐ நேரா அழுத்தாம, இ-யிலிருந்து கம்பியை இழுத்துத் தொடுங்க.

இது ராகம் வாசிக்கிறது ஆகிடாது. கமகமும் பிடிகளும் குருகிட்ட வருஷக்கணக்கா கத்துக்க வேண்டியவை. ஆனா அதே மாடியில திரும்ப வாசிச்சப்போ, ஒன்பதாவது பார்ல நண்பன் நிமிர்ந்து பார்த்தான். "அங்க புதுசா என்னடா சேர்த்தே?"

புதுசா ஒண்ணுமில்ல. அதுவரைக்கும் விட்டுவச்ச எஃப்-உம் பி-யும்தான்.