பிறக்கப்போவோர்க்கு ஒரு காவலர்



குழந்தை வேலப்பர் கோயில் கொண்டிருக்கும் பூம்பாறையில், இனிப் பிறக்கப்போகும் குழந்தைகளைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. இம்மலைச் சரிவைப் படிப்படியாகத் திருத்தி வயலாக்கியோர் தமக்காக மட்டும் அதனைச் செய்யவில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு அவர்கள் விட்டுச்சென்ற மண்ணில்தான் விளைகிறது. நாம் எதனை விட்டுச்செல்வோம்? இவ்வினாவை எழுப்பவேண்டியவர்கள் இன்னும் பிறக்கவில்லை. அவர்களுக்கு வாக்குரிமை இல்லை; மனு எழுதக் கையும் இல்லை.

அவர்கள் சார்பில் பேசுவதற்கென்றே அலுவலரை அமர்த்திய நாடுகள் உண்டு. வேல்ஸ் நாடு 2015-இல் வருங்காலத் தலைமுறையினர் நல்வாழ்வுச் சட்டத்தை இயற்றியது. அதன் முதல் ஆணையராக சோபி ஹௌ 2016-இல் பொறுப்பேற்றார். பொது அமைப்புகளின் செயல்களை ஆராய்ந்து பரிந்துரைப்பது ஆணையரின் பணி. எதனையும் தடுத்து நிறுத்தும் அதிகாரம் அவருக்கில்லை. ஆயினும், பரிந்துரையை ஏற்காத அமைப்பு அதற்கான காரணத்தை ஊரறிய வெளியிட்டாகவேண்டும். ஹங்கேரியிலும் 2008-இல் நாடாளுமன்றம் இத்தகைய ஆணையரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் 2012-இல் அத்தனிப்பதவி, அடிப்படை உரிமைகள் ஆணையரின் கீழுள்ள துணைப்பதவியாகச் சுருங்கியது. சட்டம் தந்த இருக்கையைச் சட்டமே குறுக்கிவிட முடியும். மக்களின் விழிப்பே அதற்குக் கால்.

நம் நாட்டில் இப்படியொரு தனிப்பதவி இல்லை, கடமை இருக்கிறது. மேகமலையில் காட்டுப் புறம்போக்கு நிலத்துக்குப் பட்டா வழங்கியதற்காகத் தண்டிக்கப்பட்ட வருவாய்த்துறை அலுவலர் ஒருவர், உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகினார். 2022 ஏப்ரலில் நீதியரசர் எஸ். ஸ்ரீமதி தீர்ப்பளித்தார். அலுவலரின் தண்டனையைத் தணித்த அத்தீர்ப்பே, இயற்கை அன்னையைச் சட்ட உரிமைகளுடைய உயிராக அறிவித்தது. காக்கும் பொறுப்பை நடுவண், மாநில அரசுகளிடம் ஒப்படைத்தது. முன்னோர் தந்த நிலவுலகை அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பிக்கும் கடமையையும் நினைவூட்டியது.

இவ்வழக்கின் வேர் ஒரு பட்டா. அலுவலரின் கையெழுத்து ஆக்கவும் வல்லது. கொடைக்கானல் ஏரியை 1863-இல் அமைப்பித்த வேர் ஹென்றி லெவிஞ்ச் மதுரை மாவட்ட ஆட்சியர்தாம். ஆகவே, ஒவ்வொரு கோப்பிலும் கையெழுத்திடுமுன் "ஐம்பதாண்டு கழித்து இங்கு என்ன எஞ்சும்?" என்னும் கேள்விக்கு எழுத்தில் விடை வேண்டும் என்கிறேன்.

இதில் கவிஞர்க்கு என்ன வேலை என்பீர்கள். பாண்டியன் நெடுஞ்செழியனிடம் வெற்றியைப் பாடியதோடு அமையாமல், நீர்நிலைகளைப் பெருக்குமாறு அறிவுறுத்தியவர் குடபுலவியனார்; புறநானூற்றின் 18-ஆம் பாட்டு அது. பதவியேதும் இல்லாமலே வருங்காலத்தின் ஆணையராய் நின்றார் அப்புலவர்.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டத்திடம் ஒன்று கேட்கிறேன். உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22-இல் கிராமசபை கூடுகிறது. அன்று நம்முள் ஒருவர் எழுந்து, பிறவாதார் பெயரால் அக்கேள்வியைக் கேட்கட்டும். விடை தீர்மான ஏட்டில் பதிவாகட்டும். அடுத்த ஆண்டு மற்றொருவர் கேட்கட்டும். அரசு அலுவலரை அமர்த்தும்வரை அப்பணி நம்முடையது.